முதுகுக்குப் பின்னால் ஓர் ஓவியம்

டோக்கியோ மாநகரின் ஷிபுயா இரயில் நிலையத்தில் 30 மீட்டர் நீளமும் 5.5 மீட்டர் உயரமும் கொண்ட ஓர் ஓவியம் உள்ளது. நம் பங்குக் கோயில் ஒன்றின் பக்கச் சுவர் முழுவதையும் மூடிவிடக்கூடிய அளவு அது. 2017ஆம் ஆண்டு அதன் முன்னே கால் மணி நேரம் நின்றுவிட்டு, அதைப் பாராமலே திரும்பி வந்தவன் நான். ஒரு கலைப்படைப்பைப் பற்றி எழுத முற்படுவோன் இவ்வாறு தொடங்குதல் முறையன்று என்பதை அறிவேன். ஆயினும் இந்த ஓவியத்தைக் குறித்து நேர்மையாக எழுத வேறு தொடக்கம் எனக்குக் கிட்டவில்லை.

நடந்தது இதுதான். டோக்கியோவில் பணியாற்றும் தமிழ்க் குருவானவர் ஒருவரின் இல்லத்தில் சில நாள்கள் தங்கியிருந்தேன். ஒரு மாலையில் அவர், "ஷிபுயாவுக்குப் போய் வாருங்கள் ஃபாதர். நாய்ச் சிலையைப் பாருங்கள். பிறகு மேல்தளத்து இணைப்பு வழியிலே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்" என்று வழி சொல்லி அனுப்பினார். சொன்னபடியே சென்றேன். இணைப்பு வழியின் ஒரு பக்கம் முழுதும் கண்ணாடிச் சன்னல்கள். அவற்றின் வழியே கீழே நோக்கினால், உலகப் புகழ் பெற்ற அந்தச் சாலைச் சந்திப்பு தெரிந்தது. பச்சை விளக்கு எரிந்ததும் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் ஒரே நேரத்தில் இறங்கி, ஒருவர் மீது ஒருவர் மோதாமல் கலந்து பிரிந்தனர். என்னைப் போலவே பல நாட்டுப் பயணிகள் சன்னலோரம் நின்று கைப்பேசியால் படம் எடுத்துக் கொண்டிருந்தனர். நானும் எடுத்தேன்.

இரவு உணவின்போது, "படம் எப்படி இருந்தது?" என்று கேட்டார் அவர். "ஏழு எடுத்தேன், நன்றாக வந்திருக்கின்றன" என்றேன். அவர் சற்று நேரம் புரியாமல் என்னைப் பார்த்தார், பிறகு சிரித்தார். அவர் கேட்ட படம் என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. மறுநாள் காலையில் மீண்டும் சென்று, இம்முறை சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

அந்த இடத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். ஷிபுயா என்பது ஒரு பள்ளத்தாக்கு. அதன் பெயரின் இறுதிப் பகுதியே பள்ளத்தாக்கைக் குறிப்பதுதான். சுற்றிலும் மேடுகள். ஆகவே, டோக்கியோவின் மிகப் பழைய சுரங்க இரயில் பாதையான கின்சா பாதை, ஷிபுயாவை நெருங்கியதும் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டு, மூன்றாம் மாடி உயரத்தில் வந்து நிற்கிறது. இரயில் தாழவில்லை, தரைதான் தாழ்ந்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் ஓடிய ஷிபுயா ஆற்றின் மீது மூடி போட்டு, அதன்மேல் அங்காடிகளையும் சாலைகளையும் அமைத்துவிட்டனர். 1885இல் ஊர்ப்புறத்துச் சிறு நிலையமாகத் திறக்கப்பட்ட இடத்தில் இன்று நான்கு நிறுவனங்களின் ஒன்பது இரயில் பாதைகள் கூடுகின்றன. சந்திப்பில் ஒரே விளக்கு மாற்றத்தில் 3,000 பேர் வரை கடப்பதுண்டு என்பர். நிலையத்தைச் சுற்றி இடிப்பதும் கட்டுவதும் ஓய்ந்த பாடில்லை. 2012இல் ஒரு கோபுரம், 2019இல் 230 மீட்டர் உயரத்தில் மற்றொன்று என்று வளர்ந்துகொண்டே செல்கிறது. இத்தகைய இடத்தில் எவரும் நிற்பதில்லை. நிற்பதற்கென்று அங்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. அதுதான் நாய்ச் சிலை.

ஹாச்சிக்கோவின் கதை நம் வாசகர் பலர் அறிந்ததே. 1923இல் பிறந்த அந்த அகிட்டா இன நாய், டோக்கியோ பல்கலைக்கழக வேளாண்மைப் பேராசிரியர் உவேனோ ஹிதேசபுரோவின் வீட்டில் வளர்ந்தது. 1925 மே மாதத்தில் பேராசிரியர் திடீரென இறந்துபோனார். அதன் பின்னரும், 1935 மார்ச் 8ஆம் நாள் தான் இறக்கும் வரை, அது ஷிபுயா நிலையத்திற்கு வந்துகொண்டேயிருந்தது. நிலையத்தருகே கிடைத்த கோழிக்கறித் துண்டுகளுக்காகவே வந்தது என்று சொல்லும் ஐயவாதிகளும் உண்டு. இருக்கட்டும்; பசித்த உயிர் அன்பு செய்யாது என்று எவரும் மெய்ப்பித்துவிடவில்லை.

நான் இங்குக் கருத விரும்புவது கதையின் வேறொரு பகுதியை. 1932ஆம் ஆண்டு ஒரு நாளிதழில் அதன் கதை வெளியாகும் வரை, அது வெறும் தெருநாயாகவே நடத்தப்பட்டது. நிலையத்தாரும் கடைக்காரரும் விரட்டினர், சிறுவர் துன்புறுத்தினர். செய்தி வெளியானபின் அதே மக்கள் அதைச் சீராட்டத் தொடங்கினர். நாய் மாறவில்லை, அன்று இருந்த இடத்திலேதான் இன்றும் இருந்தது. அதன் பெயரும் அதன் காத்திருப்பின் காரணமும் மக்களுக்குத் தெரிந்துவிட்டன, அவ்வளவே. 1934இல் ஆண்டோ தேரு என்ற சிற்பி அதற்கு வெண்கலச் சிலை எடுத்தபோது, திறப்பு விழாவில் அந்த நாயே வந்து நின்றது. அக்காலத்து ஆட்சி இந்தக் கதையை விட்டுவைக்குமா? நன்றி மறவாமைக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளி நீதிபோதனை நூலில் அது ஏறியது. கேள்வி கேளாத பற்றுறுதியைப் பேரரசு தன் பிள்ளைகளிடம் எதிர்பார்த்த காலம் அது.

பிறகு போர் வந்தது. உலோகம் தேவைப்பட்டது. பற்றுறுதியின் சின்னமென்று போற்றப்பட்ட அச்சிலையையே கழற்றி எடுத்துச் சென்று உருக்கிவிட்டனர். அதைச் செய்த சிற்பியும் 1945 மே மாத இறுதியில் டோக்கியோ மீது நிகழ்ந்த வான்தாக்குதலில் மாண்டார். இன்று நாம் காணும் சிலை, 1948இல் அவருடைய மகன் ஆண்டோ தக்கேஷி செய்தது. பயணிகள் வரிசையில் நின்று அதனருகே படம் எடுத்துக்கொள்கின்றனர். மகன் இறந்துபோன தந்தையின் வேலையைத் திரும்பச் செய்த சிலை அது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

சிற்பமாக மதிப்பிட்டால் அது எளிய படைப்பே. அமர்ந்த நாய், நிமிர்ந்த தலை, மடங்கிய ஒரு காது. மிகையான உணர்ச்சி ஏதுமில்லை. 2015இல் டோக்கியோ பல்கலைக்கழக வளாகத்தில் வேறொரு சிலை நிறுவினார்கள். அதில் பேராசிரியர் திரும்பி வந்துவிட்டார், நாய் தாவி அவர் மேல் கால் வைக்கிறது. உருக்கமான கற்பனைதான். ஆனால் அது நம் ஆறுதலுக்காகச் செய்யப்பட்டது. ஷிபுயாவின் சிலை எவரையும் ஆற்றுவதில்லை. அதனாலேயே அது மேலானது என்பேன்.

இனி மேல்தளத்திற்கு ஏறுவோம்.

அந்த ஓவியத்தின் பெயர் 'நாளையின் தொன்மம்'. வரைந்தவர் ஒக்கமோத்தோ தாரோ (1911–1996). இளமையில் பத்தாண்டுகள் பாரிசில் வாழ்ந்து, அங்கு மார்செல் மோஸ் என்ற அறிஞரிடம் இனவரைவியலும் பயின்றவர். நாடு திரும்பியபின் போர்வீரராகச் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் பாரிசிலிருந்து கொண்டு வந்த ஓவியங்கள் டோக்கியோ வான்தாக்குதலில் எரிந்துபோயின. ஓசாக்கா உலகக் கண்காட்சிக்காக 1970இல் அவர் எழுப்பிய 70 மீட்டர் உயரச் 'சூரியக் கோபுரம்' அவரை நாடறிந்தவராக்கியது. அந்தக் கோபுரத்துக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1968–69இல், மெக்சிகோ நகரில் கட்டப்பட்டுவந்த ஒரு மாபெரும் விடுதியின் முகப்புக் கூடத்திற்காக இந்தச் சுவரோவியத்தைத் தீட்டினார். விடுதியின் உரிமையாளருக்குப் பணம் முட்டியது, கட்டடம் விடுதியாகத் திறக்கப்படவே இல்லை. கழற்றப்பட்ட ஓவியம் எங்கோ போய்விட்டது. 30 ஆண்டுகளுக்கும் மேலாக அது இருக்குமிடம் தெரியவில்லை.

ஒக்கமோத்தோவின் வாழ்க்கைத் துணையாக இருந்து, சட்டப்படி அவருடைய வளர்ப்பு மகளாகப் பதிவு செய்யப்பட்ட தோஷிக்கோ என்ற அம்மையார், 2003இல் மெக்சிகோ நகரின் புறத்தே ஒரு தளவாடக் கிடங்கில் அதைக் கண்டெடுத்தார். பலகைகள் வெடித்தும் உடைந்தும் கிடந்தன. அது ஜப்பான் வந்து சேர்வதைக் காணாமலே 2005 ஏப்ரலில் அவர் இறந்தார். 2006இல் சீரமைப்பு முடிந்தபின், எங்கு நிறுவுவது என்ற கேள்வி எழுந்தது. அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமா நகரம் கேட்டது. சூரியக் கோபுரம் நிற்கும் சுயித்தா நகரம் கேட்டது. ஷிபுயாவும் கேட்டது. 2008 நவம்பர் 17 அன்று ஷிபுயாவில் அது திறந்துவைக்கப்பட்டது.

ஹிரோஷிமா ஏன் கேட்டது என்பது ஓவியத்தைப் பார்த்தால் விளங்கும். நடுவில் ஒரு பேருருவான எலும்புக்கூடு. அணுகுண்டு வெடிக்கும் அந்தக் கணத்தில் தீப்பற்றிக் கைவிரித்து நிற்கிறது. அதிலிருந்து செந்நிறச் சுவாலைகள் முட்களைப் போல எல்லாப் பக்கமும் பாய்கின்றன. புகை மேகங்கள் உயிர் பெற்ற பூதங்களைப் போல் உருண்டெழுகின்றன. வலப்புறத்தே கீழே ஒரு சிறு படகு, பெரிய மீனொன்றை இழுத்துச் செல்கிறது. அது 'ஐந்தாம் புக்குரியு மாரு' என்ற சூரைமீன் பிடிக்கும் படகு. 1954 மார்ச் 1 அன்று பிக்கினித் தீவில் அமெரிக்கா நடத்திய நீரியல் குண்டுச் சோதனையின் சாம்பல் அதன் 23 மாலுமிகள் மீதும் பொழிந்தது. வானொலி இயக்குநராக இருந்தவர் அவ்வாண்டு செப்டம்பரிலேயே இறந்தார். ஹிரோஷிமாவோடு முடிந்துவிடவில்லை என்பதை அந்தச் சிறு படகின் மூலம் ஓவியர் கூறிவிடுகிறார்.

இத்தகைய ஓவியத்தைக் கடைத்தெருவுக்குச் செல்லும் வழியில் மாட்டலாமா? நாள்தோறும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் கடக்கும் வழி அது. பெரும்பாலோர் தலையைத் திருப்புவதும் இல்லை. பிக்காசோவின் குவர்னிக்கா மத்ரித் நகர அருங்காட்சியகத்தில் தனி அறையில் உள்ளது. அதன்முன் வருவோர் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். ஹிரோஷிமாவின் கொடுமையை 1950 முதல் பல்லாண்டுகள் உழைத்து 15 பெரும் ஓவியங்களாக வரைந்த மருக்கி இணையரின் அந்தப் படைப்புகளுள் பெரும்பாலானவை, சைத்தாமா மாவட்டத்தில் ஓர் ஆற்றங்கரைக் கூடத்தில் உள்ளன. வேண்டுமென்று புறப்பட்டுச் செல்வோர் மட்டுமே அவற்றைக் காண்பர். ஒக்கமோத்தோவின் ஓவியத்திற்கு மட்டும் அந்த மரியாதை ஏன் மறுக்கப்பட்டது என்று கேட்போர் உண்டு. முதல் நாள் இரவு நானும் கேட்டேன். என் குற்றத்தை இடத்தின்மேல் சுமத்துவது எளிதாக இருந்தது.

மறுநாள் அந்த ஓவியத்தின் எதிரே ஒரு மணி நேரம் நின்றபின் அந்தக் கேள்வி என்னிடம் நிலைக்கவில்லை. விடுதிக் கூடத்திற்கென்றே, பெட்டிகளோடு வந்து போகும் பயணிகளுக்காகவே அது வரையப்பட்டது. தொடக்கம் முதலே அதன் பார்வையாளர் கடந்து செல்வோர்தாம். தம் ஓவியங்களைத் தனியாருக்கு விற்க மனமில்லாதவர் ஒக்கமோத்தோ. பொது இடத்தில், கட்டணமின்றி, யாரும் காணும்படி கலை இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அதை அருங்காட்சியகத்தில் வைத்திருந்தால் நமக்கு மன நிறைவு கிடைத்திருக்கும்; ஓவியருக்குத் துரோகம் நேர்ந்திருக்கும்.

அதைவிட முக்கியமான காரணம் வேறொன்று. எலும்புக்கூடு எதை நோக்கி நிற்கிறது? எதிரே கண்ணாடிச் சன்னல். சன்னலுக்குக் கீழே அந்தச் சந்திப்பு. எரிகின்ற மனிதன், பச்சை விளக்கிற்குக் காத்திருக்கும் மக்களை எந்நேரமும் நோக்கிக்கொண்டிருக்கிறான். இடையே நாம் நின்று, அவனுக்கு முதுகைக் காட்டி, அதே மக்களைப் படம் எடுக்கிறோம். ஹிரோஷிமாவிலும் இப்படித்தான் ஒரு காலை வேளையில் மக்கள் வேலைக்குச் சென்றுகொண்டிருந்தனர். நினைவுச் சின்னங்களுக்கு நடுவே அந்த ஓவியம் நின்றிருந்தால் முடிந்துபோன ஒன்றைச் சொல்லியிருக்கும். இங்கு நிற்பதால், கீழே நடக்கின்ற இவர்களைப் பற்றிச் சொல்கிறது. இது நிறுவியவர்கள் எண்ணிச் செய்த பொருத்தமா, இடவசதியால் நேர்ந்ததா என்ற ஆராய்ச்சி வேண்டியதில்லை. பொருந்திவிட்டது.

ஆயினும் என் உள்ளத்தில் ஒரு குறை எஞ்சுகிறது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒக்கமோத்தோ 1954இல் எழுதிய 'இன்றைய கலை' என்ற நூலில், கலை திறமையைக் காட்டுவதாகவோ அழகாகவோ இதமாகவோ இருத்தல் கூடாது என்று வாதிட்டவர். அவருடைய அளவுகோலாலேயே அவரை அளந்தால், இந்த ஓவியம் முழுத் தேர்ச்சி பெறவில்லை. அதன் செம்மையும் நீலமும் மஞ்சளும் மிகவும் கவர்ச்சியானவை. பூதங்கள் சிறுவர் படக்கதையிலிருந்து வந்தவை போல விளையாட்டுத் தோற்றம் கொண்டுள்ளன. இது வெறும் துயர ஓவியம் அன்று, அழிவையும் மீறி எழும் மனித ஆற்றலின் ஓவியம் என்று தோஷிக்கோ அம்மையார் விளக்கியிருக்கிறார். அந்த விளக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மருக்கி இணையரின் ஓவியங்களில் தாய்க்கு ஒரு முகம் உண்டு, குழந்தைக்கு ஒரு முகம் உண்டு, தோல் உரிந்து தொங்கும் கைகள் ஒவ்வொன்றும் ஒருவருடைய கைகள். ஒக்கமோத்தோவிடம் இருப்பது எல்லாருக்கும் பொதுவான ஓர் எலும்புக்கூடு. தொன்மமாக்கும்போது முகம் போய்விடுகிறது. எரிபவன் எவனோ ஒருவன்.

கீழே உள்ள நாயை மக்கள் தேடிவருவதும் மேலே உள்ள மனிதனை மக்கள் பாராது கடப்பதும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெண்கல நாய் ஓர் ஆள் அளவுகூட இல்லை. சுவரோவியமோ மலை போன்றது. இருந்தும் நாய்க்குப் பெயர் இருக்கிறது. அது யாருக்காகக் காத்திருந்தது என்பது நமக்குத் தெரியும். ஒருவருக்காக இரங்க நமக்கு இயல்கிறது. இலட்சக்கணக்கானோருக்காக இரங்கும்படி கேட்டால் நாம் இரயிலைப் பிடிக்க விரைந்துவிடுகிறோம். இது ஓவியரின் குறையா, நம் குறையா என்று தீர்ப்புக் கூற நான் துணியவில்லை. 1932க்கு முன் அந்த நாயையும் இதே நிலையத்தில் விரட்டித்தானே அடித்தார்கள்!

மேலும், அந்த இரண்டு படைப்புகளும் நாம் நினைப்பது போல் அத்தனை தொலைவில் இல்லை. முதல் சிலையைச் செய்த ஆண்டோ தேரு மாண்டதும் ஒக்கமோத்தோவின் பாரிசு ஓவியங்கள் எரிந்ததும் அதே போரில், டோக்கியோவின் வானத்திலிருந்து இறங்கிய தீயில்தான். நாய்க்கு நேர்ந்ததைச் சொல்ல நாய்ச் சிலையால் முடியவில்லை. பீடத்தின் மேல் அமைதியாக அமர்ந்திருக்கிறது. அதை மேலே உள்ள ஓவியம்தான் சொல்கிறது. முகமில்லாத அந்த எலும்புக்கூட்டுக்குள் ஒரு சிற்பியின் முகத்தையேனும் நான் வைத்துப் பார்க்க முடிந்தது இந்தத் தொடர்பை அறிந்த பின்னர்தான்.

முகம் கொடுக்கும் வேலையை வேறு சிலரும் செய்ய முயன்றதுண்டு. 2011 மார்ச்சில் ஃபுக்குஷிமா அணுமின் நிலையம் வெடித்துச் சிதறிய சில வாரங்களில், மே 1 அன்று, சிம்பொம் என்ற இளங்கலைஞர் குழுவினர் இந்த ஓவியத்தின் வலக்கோடியில் சுவர் அமைப்பால் வெறுமையாக இருந்த மூலையில் ஒரு சிறு பலகையைப் பொருத்தினர். உடைந்த அணு உலைகளும் அவற்றிலிருந்து எழும் கரும்புகையும் ஒக்கமோத்தோவின் பாணியிலேயே அதில் வரையப்பட்டிருந்தன. மூல ஓவியத்திற்கு எந்தச் சேதமும் இல்லை. பலகை விரைவில் அகற்றப்பட்டது. காவல்துறை விசாரணையும் நடந்தது. அதைக் குறும்பு என்றனர் சிலர், அவமதிப்பு என்றனர் வேறு சிலர். 2013இல் ஒக்கமோத்தோவின் நினைவு அருங்காட்சியகமே அந்தக் குழுவை அழைத்துக் கண்காட்சி நடத்த இடம் கொடுத்தது.

நான் அந்த இளைஞர்களின் பக்கம் நிற்கிறேன். பிறர் ஓவியத்தில் கைவைத்தல் தவறு என்ற நெறியை அறியாதவனல்லேன். நம் கோயில் சுவர்களில் யாரேனும் அப்படிச் செய்தால் முதலில் சினம் கொள்பவனும் நானாகவே இருப்பேன். ஆனால் படகை வரைந்து, இது ஹிரோஷிமாவோடு முடியவில்லை என்று சொன்ன ஓவியத்தைச் சரியாகப் படித்தவர்கள் அவர்கள்தாம். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளாக 3 லட்சம் பேர் நாள்தோறும் கடந்து சென்ற சுவரில், ஒரு மூலை வெறுமையாக இருப்பதைக் காண ஒருவர் நின்று பார்த்திருக்க வேண்டுமல்லவா?

நின்று பார்ப்போர் வேறு சிலரும் உளர். ஆண்டுதோறும் தன்னார்வத் தொண்டர்கள் கூடி, அந்த ஓவியத்தின் மேல் படிந்த தூசியை மென்தூரிகைகளால் துடைக்கின்றனர். ஓடுகின்ற கூட்டம் எழுப்பும் தூசி அது. படம் அத்தனை பெரிதாதலால் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பகுதியே கிடைக்கும். ஒருவருக்கு ஒரு சுவாலையின் நுனி, மற்றொருவருக்குப் படகின் விளிம்பு. ஓவியத்தை முழுமையாகக் காணும் தொலைவு அந்த வழியில் எங்கும் இல்லை என்று முதலில் குறைபட்டவன், இந்தச் செய்தியை அறிந்தபின் சற்று அடங்கினேன். கை எட்டும் அளவில் பார்ப்பதும் ஒரு பார்வைதான்.

நம் வாசகர்களுள் எவரேனும், பிள்ளைகளின் வேலை காரணமாகவோ வேறு பயணத்தினாலோ டோக்கியோ செல்ல நேர்ந்தால், ஜேஆர் நிலையத்திலிருந்து இனோக்காஷிரா இரயில் பாதைக்குச் செல்லும் மேல்தளத்து வழியைக் கேட்டுச் செல்லுங்கள். கட்டணம் ஏதுமில்லை. அலுவலகம் செல்லும் காலை நேரத்தில் போகாதீர்கள், கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டே போய்விடும். முற்பகல் பத்து மணிக்குமேல் சன்னலோரம் நிற்க இடம் கிடைக்கும். சந்திப்பையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்தபின் திரும்புங்கள்.